தாத்தாவின் சக்கரக் கணக்கு, அப்பாவின் நயா பைசா, நம்ம கைடு – நாஞ்சில் நாட்டில் கணக்குப் புத்தகமும் சயன்ஸ் புத்தகமும் மாறின கதை

பழைய மாணவர் சங்க மலர் என்றால் கல்லூரிக் கட்டிடம் எப்படி எழும்பியது, முதல் பிரின்சிபால் யார், எந்த வருஷம் எந்த டிபார்ட்மென்ட் வந்தது என்பதெல்லாம் கட்டாயம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் கல்லூரிப் படி ஏறுவதற்கு முன்னால் ஹைஸ்கூலில் நம் கையில் என்ன கணக்குப் புத்தகம் இருந்தது, என்ன சயன்ஸ் புத்தகம் இருந்தது, அதை நமக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது யார் என்று எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை. மலர்க் குழு நண்பர்கள் "எதைப் பற்றி வேணும்னாலும் எழுது, சரித்திரமா இருந்தா நல்லது" என்றார்கள். ஆகவே இதை எடுத்துக்கொண்டேன்.

மற்ற ஜில்லாக்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. தஞ்சாவூரிலோ மதுரையிலோ தலைமுறை தலைமுறையாக மதராஸ் சொன்ன புத்தகம்தான். நம்ம கதை வேறு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். தாத்தா திருவிதாங்கூரில் படித்தார், அப்பா மதராஸ் ராஜ்யத்தில் படித்தார், நாம் தமிழ்நாட்டில் படித்தோம். இத்தனைக்கும் மூன்று பேரும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள்! வேறு எங்கோ உட்கார்ந்து, வேறு யாரையோ மனதில் வைத்து எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் நம்ம பிள்ளைகள் எப்போதும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் எந்த மாதிரிப் புத்தகம் உருப்படியாகக் கைகொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஓலைச்சுவடி. தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாவும் சேர்ந்த நாஞ்சில் நாடு நெல் விளைகிற பூமி. இங்கே கணக்கு என்றால் நெல் கணக்கு, நிலக் கணக்கு. ஆசான் மணலில் விரலால் எழுத வைப்பார், எண்சுவடியை வாயால் சொல்ல வைப்பார். முந்திரி என்றால் 320-ல் ஒன்று. காணி 80-ல் ஒன்று. மா 20-ல் ஒன்று, மாகாணி 16-ல் ஒன்று, அரைக்கால் 8-ல் ஒன்று. இதையெல்லாம் பையன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியாகணும். மனப்பாடப் படிப்பு என்று நாம் இன்றைக்கு அதைத் திட்டுகிறோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் ஒன்று கவனியுங்க. எண்சுவடியில் வாய்ப்பாடு மட்டும்தான் உண்டு. களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு கோட்டை, மரக்கால், நாழி என்று பங்கு பிரிக்கும்போது அந்த வாய்ப்பாட்டை எங்கே எப்படிப் போடுவது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கணும். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

நெல்லோடு போகவில்லை, நாணயமும் இருந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் ரூபாய்: 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். சரி, ரூபாய்க்கு ரூபாய் சமமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். கோட்டாறு கடைத்தெருவில் சரக்கு இறக்கிய திருநெல்வேலி வியாபாரிக்கு 10 பிரிட்டிஷ் ரூபாய் கொடுக்கணும் என்றால் 285 சக்கரம், அதாவது 10 சர்க்கார் ரூபாயும் மேலே 5 சக்கரமும். ஒரு அணாவுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்க... 1 சக்கரம் 12½ காசு வரும். வெளியே அச்சாகி வந்த அரித்மெடிக் புத்தகத்தில் அணாவும் பையும் இருக்கும், இல்லாவிட்டால் பவுனும் ஷில்லிங்கும் இருக்கும். சக்கரம் இருக்குமா? எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது என்பது அன்றைக்கே நம்ம ஊருக்கு ஒரு பிரச்சினைதான்.

அச்சுப் புத்தகம் இங்கே சீக்கிரமே வந்தது. 1809-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, 1818-ல் மீட் நாகர்கோவிலுக்கு வந்த பிறகு செமினரியாக வளர்ந்தது. அதுவே 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் மிஷன் அச்சுக்கூடமும் வந்துவிட்டது. திருவிதாங்கூர் அரண்மனையும் சும்மா இருக்கவில்லை. ராணி கௌரி பார்வதி பாய் 1817-லேயே கல்விச் செலவு சர்க்காருடையது என்று உத்தரவு போட்டவர். இதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு சங்கதி உண்டு. 1834-ல் நாகர்கோவில் வந்த சுவாதித் திருநாள் மகாராஜா, இங்கே ராபர்ட்ஸ் என்பவர் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைப் பார்த்து அசந்துபோய் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே அவர் தொடங்கியது 1836-ல் ராஜாவின் இலவசப் பள்ளி ஆயிற்று. பின்னாளில் மகாராஜா கல்லூரியும் யூனிவர்சிட்டி கல்லூரியும் அந்த வேரில் முளைத்தவைதான். வாத்தியாரை நாம் அனுப்பினோம், புத்தகத்தை அவர்கள் அனுப்பினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்தப் புத்தக விஷயத்தில்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சங்கடம். 1867-ல் திருவிதாங்கூர் சர்க்கார் பாடப்புத்தகக் கமிட்டி ஒன்றை அமைத்தது. கேரளவர்மா வலியகோயித்தம்புரான் அதில் பல வருஷம் உழைத்தார். பெரிய காரியம், ஆனால் அதன் நோக்கம் மலையாளப் புத்தகம். தமிழில் சயன்ஸும் கணக்கும் வேண்டுமென்றால் கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைத்தான் பார்க்கணும். அங்கே கரோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855-லேயே அச்சாகிவிட்டது. டாக்டர் கிறீன் மேற்பார்வையில் 'கெமிஸ்தம்' என்ற ரசாயனப் புத்தகம் 1875-ல் வந்தது. நம்ம பக்கம் மேல் வகுப்பு என்றாலே இங்கிலீஷ், இங்கிலீஷ் என்றாலே ஹால் அண்ட் நைட்.

ஹால் அண்ட் நைட் அல்ஜீப்ராவும் லோனியின் டிரிக்னாமெட்ரியும் இந்தியா முழுக்கப் பல தலைமுறை ஓடிய புத்தகங்கள். இன்றைக்கும் பழைய புத்தகக் கடைகளில் மட்டுமல்ல, புதுப் பதிப்பாகவே கிடைக்கும். இங்கிலாந்துப் பையன்களுக்காக எழுதியவை. நம்ம ஊர் வயலும் வரப்பும் அதில் எங்கும் வராது. ஆனால் அமைப்பைப் பாருங்க. இரண்டு பக்கம் விளக்கம், நாலைந்து மாதிரிக் கணக்கு, அப்புறம் வரிசையாகப் பயிற்சிக் கணக்கு. முதல் பத்து கணக்கு யாருக்கும் வரும். கடைசிப் பத்து வாத்தியாருக்கே மூச்சு வாங்கும். விடை மட்டும் புத்தகத்தின் கடைசியில் இருக்கும், வழி இருக்காது. உன் விடையும் அதுவும் ஒத்துப்போகவில்லையா? திரும்பப் போடு!

அந்தக் காலத்து நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படித்த ஒருவரை நம்ம மாணவர்களில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். எஸ். எஸ். பிள்ளை. 1901-ல் பிறந்தவர். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு (செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான்), ஸ்காட் கல்லூரியில் இன்டர்மீடியட், திருவனந்தபுரத்தில் பி.ஏ. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். ஒரு பள்ளி வாத்தியார் கைகொடுத்துத்தான் படிப்பு தொடர்ந்தது. எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று லக்ராஞ்சி சொன்னார் அல்லவா, அதுவே கனம் என்றால் ஒன்பது வேண்டும். ஆறாவது அடுக்கு என்றால் எத்தனை? 73 போதும் என்று 1940-ல் நிரூபித்தவர் நம்ம பிள்ளை. வாரிங் கணக்கு என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயத்தில் 1936-லிருந்தே அவர் பெயர் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் வாத்தியாராக இருந்தார். 1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்காவில் நடக்க இருந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். நாகர்கோவிலில் அவர் நடந்த தெருக்களில்தான் நாமும் நடக்கிறோம்.

இன்னொரு புத்தகத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1903-ல் கும்பகோணத்தில் ராமானுஜன் கையில் கிடைத்த கார் என்பவரின் 'சினாப்சிஸ்'. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அது என்ன மாதிரிப் புத்தகம் என்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. கார் ஒரு பெரிய கணித மேதை இல்லை. கேம்பிரிட்ஜ் டிரைபாஸ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த ட்யூஷன் வாத்தியார். அந்தப் புத்தகம் பரீட்சைக்கு முன் புரட்டிப் பார்க்க அவர் தொகுத்த நோட்ஸ். நம்ம பாஷையில் சொன்னால் கைடு! சுமார் 5000 முடிவுகள் வரிசையாக எழுதியிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு. கும்பகோணத்துப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து, இது எப்படி வந்தது என்று தானே போட்டுப் பார்த்தான். எல்லாரும் காரைப் படியுங்க என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மயக்கத்தில் மற்ற பாடங்களை விட்டு ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார், ஸ்காலர்ஷிப்பையும் இழந்தார், அதுவும் சரித்திரம்தான். நான் சொல்வது இதுதான்: கைடு என்பதால் ஒரு புத்தகம் கெட்டுப்போவதில்லை, டெக்ஸ்ட் புக் என்பதால் நல்லதாகிவிடுவதும் இல்லை. படிக்கிறவனுக்கு அது எவ்வளவு வேலையை மிச்சம் வைத்திருக்கிறது என்று பார்க்கணும். எண்சுவடி, ஹால் அண்ட் நைட், கார் மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மூன்றும் வேலையை மிச்சம் வைத்தவை.

இனி 1956-க்கு வருவோம். மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம், 1954-ன் துப்பாக்கிச் சூடு எல்லாம் நம்ம மேடைகளில் பேசிப் பேசி எல்லாருக்கும் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் பக்கமிருந்து அதைப் பார்த்தவர் குறைவு. நாலு தாலுகாவும் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. கல்வியாண்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது! அஞ்சு மாதம் கழித்து 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. ஒரு அணாவுக்கு 6¼ நயா பைசா. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் அளவை வந்தது. படி, மரக்கால், பறை, இடங்கழி, சேர், வீசை போய் லிட்டரும் கிலோவும். 1949-ல் கொச்சியோடு சேர்ந்த பிறகு சக்கரம் மறைந்து அப்போதுதான் சில வருஷம் ஆகியிருந்தது. அதாவது 1948-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு தோவாளைப் பையன் ஹைஸ்கூல் முடிப்பதற்குள் மூன்று நாணயக் கணக்கு, இரண்டு அளவைக் கணக்கு, இரண்டு ராஜ்யம் பார்த்துவிட்டான். கடைக்காரர் ஒரு கணக்குச் சொல்ல, வாத்தியார் ஒரு கணக்குச் சொல்ல, வீட்டில் பாட்டி இன்னமும் சக்கரத்திலேயே பேச... அந்தத் தலைமுறை அண்ணாச்சிகளுக்கு மனக்கணக்கு இவ்வளவு வேகமாக வருவதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபணம் கேட்காதீங்க.

மொழி மாற்றம் இன்னொரு பக்கம். திருவிதாங்கூர்க் காலத்தில் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் படித்தவர்களுக்கு கெமிஸ்ட்ரி 'ரசதந்திரம்', பிசிக்ஸ் 'ஊர்ஜதந்திரம்'. சென்னைப் புத்தகத்தில் அது ரசாயனம், பௌதிகம். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-லேயே கலைச்சொற்கள் தொகுப்பு ஒன்று வெளியிட்டிருந்தாலும், பள்ளிப் புத்தகத்தில் வடமொழிச் சொல் நெடுங்காலம் நின்றது. அட்சர கணிதமும் க்ஷேத்திர கணிதமும் பையப் பைய இயற்கணிதமும் வடிவியலும் ஆயின, பௌதிகம் இயற்பியல் ஆயிற்று, ரசாயனம் வேதியியல் ஆயிற்று. ஒரே வீட்டில் அண்ணன் பௌதிகம் படிக்க, தம்பி இயற்பியல் படித்தான். மலையாள மீடியம் பள்ளிகள் மட்டும் அப்படியே தொடர்ந்தன. அந்தப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு சர்க்கார் இன்றைக்கும் மலையாளத்தில் கணக்குப் புத்தகம் அச்சிடுகிறது என்று சொன்னால் சென்னையில் என் கூட வேலை பார்த்த நண்பர்கள் நம்பவே இல்லை!

அந்தப் புது மதராஸ் புத்தகம் எப்படி இருந்தது? காகிதம் மட்டம், படம் குறைவு. ஆனாலும் அதிலிருந்து என்ன முளைத்தது என்று பார்க்கணும். ஜில்லா மதராஸோடு சேர்ந்து அஞ்சு மாதம் கழித்து, நயா பைசா வந்து இரண்டு வாரத்தில், 1957 ஏப்ரல் 14-ல் சரக்கல்விளையில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் கே. சிவன். மேல சரக்கல்விளையிலும் வல்லங்குமாரன்விளையிலும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம். அப்புறம்தான் எம்.ஐ.டி., பெங்களூர் எல்லாம். 2018 ஜனவரியிலிருந்து 2022 ஜனவரி வரை இஸ்ரோ தலைவர். 2025 ஜனவரியில் அதே நாற்காலியில் உட்கார்ந்த வி. நாராயணனும் மேலக்காட்டுவிளைக்காரர், அவரும் தமிழ் மீடியம்தான். புத்தகத்தால்தான் இவர்கள் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகம் இவர்களைத் தடுக்கவில்லை என்ற அளவுக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

1970-ல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்தது. 1978-ல் பி.யு.சி. போய் ப்ளஸ் டூ வந்தது. அதுவரை பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்து பி.யு.சி.யில் இங்கிலீஷோடு மல்லுக்கட்டிய செட்டுகள் இந்த மலரை வாசிப்பார்கள், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராஜ்யம் முழுக்க ஒரே புத்தகம், மலிவு விலை, ஏழைப் பிள்ளைக்கு இலவசம் என்பது சின்ன விஷயமே இல்லை. ஹால் அண்ட் நைட் வாங்க வக்கில்லாத வீட்டுப் பிள்ளை எத்தனை பேர் அதனால் மேலே வந்தார்கள்! ஆனால் ஒரே புத்தகம், ஒரே பரீட்சை என்றதும் மூன்றாவது ஒன்று தானாகவே வந்தது. கைடு. இது காரின் கைடு அல்ல, அதற்கு நேர் எதிர். புத்தகத்திலுள்ள ஒவ்வொரு பயிற்சிக் கணக்கையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட்டுக் கொடுத்துவிடும். விடையும் உண்டு, வழியும் உண்டு. பிள்ளைக்கு மிச்சம் வைத்தது பார்த்து எழுதுகிற வேலை மட்டும்.

நான் ப்ளஸ் டூ எழுதியது 2008-ல். 1984-ல் வந்த நுழைவுத் தேர்வு அதற்கு முந்தின வருஷம் ஒழிந்திருந்தது. எனவே ப்ளஸ் டூ மார்க் ஒன்றுதான் தலையெழுத்து. கணக்குக்கு 200 மார்க்: 40 ஒரு மார்க், பத்து ஆறு மார்க், பத்து பத்து மார்க். ஒரு மார்க் கேள்விக்கு டெக்ஸ்ட் புக், அது போக 'கம் புக்' என்று நாங்கள் சொன்ன, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வினாத் தொகுப்பு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்ற புளூபிரின்ட் எல்லார் வாயிலும் இருந்தது. வெக்டரும் கலப்பெண்ணும் போதும், இன்ன பாடத்தை விட்டுடலாம் என்று பையன்கள் டீக்கடையில் நின்று தீர்மானம் பண்ணுவார்கள். ப்ளஸ் ஒன் பாடத்தை அப்படியே தாண்டிக் குதித்து ஜூன் மாதமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்த பள்ளிகளும் ராஜ்யம் முழுக்க இருந்தன. அதை நிறுத்தத்தான் 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2025-ல் அதை எடுத்தும் விட்டார்கள்.

இந்தப் படிப்பின் பலன் கல்லூரி முதல் வருஷம் தெரியும். நம் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் எங்கள் செட்டில் 190-க்கு மேல் வாங்கியவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைப் போர்டில் எழுதிப் போட்டதும் வகுப்பே அமைதியாகிவிடும். "சார், இது எந்த மாடல்?" என்று ஒரு குரல் கேட்கும். இங்கிலீஷ் தெரியாததால் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தானாக முதல் வரி எழுதும் பழக்கம் இல்லாதது. சீனியர் அண்ணன்மார் ஒரு செட்டிலிருந்து அடுத்த செட்டுக்குக் கைமாற்றிக் கொடுத்த பழைய புத்தகங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. அட்டை போய், நூல் பிரிந்து, மூன்று நாலு பெயர் எழுதி அடித்த ரஷ்யப் புத்தகங்கள் அதில் உண்டு. சோவியத் யூனியன் 1991-ல் போனாலும் மிர் பதிப்பகத்து பிசிக்ஸ் புத்தகங்கள் நம்ம ஊரில் சாகவில்லை. பெரல்மானின் புத்தகத்தில் ஃபார்முலாவை விடக் கேள்விதான் அதிகம். துளிர் பத்திரிகை 1987-லிருந்து தமிழில் இதே வேலையைச் செய்து வந்திருக்கிறது. மார்க்குக்கு உதவாது என்று நம்ம வீடுகளில் அதை வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பி.எஸ்சி.க்குப் பிறகு பி.இ. சேர்ந்து, சென்னையில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் வேலை. அதனால் ஒரு உதாரணம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். 1980களின் கடைசியிலிருந்து அங்கே காற்றாலை சுற்றுகிறது. பஸ்ஸில் திருநெல்வேலி போகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பார்க்கிறது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது என்று ஹைஸ்கூலிலேயே படிக்கிறோம். ஒரு விநாடியில் இறக்கை சுற்றுகிற வட்டத்துக்குள் புகுகிற காற்றின் நிறையும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கு என்றால் நிறையும் இரண்டு மடங்கு. ஆக வர்க்கம் கனமாகிவிடுகிறது: காற்று வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு! நின்றுபோய்க் கிடக்கிற காற்றாலை ஆனி ஆடியில் இந்தப் போடு போடுவதற்குக் காரணம் இந்த ஒரு வரி. சைட்டுக்கு வருகிற மாணவர்களிடம் இதைக் கேட்பேன். ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்க்கச் சொன்னால் பலர் கைடில் தேடுகிற மாதிரி மேலே பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும், தோவாளைப் பக்கத்துத் தமிழ் மீடியப் பிள்ளை, மண்ணில் குச்சியால் எழுதிப் போட்டுக் காட்டினாள். என்ன புத்தகம்மா படிச்சே என்றேன். டெக்ஸ்ட் புக்தான் அண்ணா, கைடு வாங்கப் பைசா இல்லை என்றாள்.

சமச்சீர் கல்வி வந்தபோது நடந்த கூத்து நினைவிருக்கும். 2011-ல் ஆட்சி மாறி, புத்தகம் வேண்டாம் வேண்டும் என்று வழக்கு நடந்து, ஆகஸ்ட் 9-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. பள்ளி திறந்து இரண்டு மாதம் புத்தகமே இல்லாமல் வகுப்பு! அந்த இரண்டு மாதம் ரொம்ப நல்லாப் பாடம் நடந்தது என்று சொன்ன வாத்தியார்களும் உண்டு. 2018-லிருந்து வந்த புதுப் புத்தகங்கள், பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் உழைப்பில் உருவானவை, அச்சிலும் படத்திலும் விஷயத்திலும் பழையதைவிட எவ்வளவோ மேல். போனில் காட்டினால் வீடியோ ஓடுகிற சங்கேதக் கட்டம் எல்லாம் உண்டு, முழுப் புத்தகமும் இன்டர்நெட்டில் இலவசம். கனம் அதிகம் என்று புலம்புகிற பெற்றோரைப் பார்க்கிறேன். எனக்கு அந்தப் புலம்பல் பிடிபடவில்லை.

2017-லிருந்து நீட் வந்த பிறகு கதை மறுபடியும் மாறிவிட்டது. இப்போது வீட்டில் டெக்ஸ்ட் புக், கைடு, கோச்சிங் சென்டர் மெட்டீரியல், என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், ஆன்லைன் வகுப்பு நோட்ஸ் என்று அஞ்சு அடுக்கு இருக்கு. பரீட்சை டெல்லியில் தீர்மானமாகிறது. திருவனந்தபுரமும் போய், மதராஸும் போய், இப்போது டெல்லி. எந்த மெட்டீரியல் வாங்கலாம் என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள், இன்ஜினியர் அல்லவா! நான் விலையையும் பெயரையும் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு பாடத்தைத் திறந்து, பிள்ளை தானாகப் போட வேண்டிய கணக்கு எத்தனை என்று எண்ணுவேன். விடை பக்கத்திலேயே இருக்கா, பின்னால் இருக்கா என்று பார்ப்பேன். முதல் கணக்கும் இருபதாவது கணக்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் மூடி வைத்துவிடுவேன். நாப்பதாயிரம் கேள்வி என்று அட்டையில் போட்டிருப்பதில் எனக்கு மதிப்பில்லை. அதே விலைக்கு ஒரு ஹால் அண்ட் நைட்டும் அரை ரீம் வெள்ளைத் தாளும் வாங்கிக் கொடுத்தால் மிச்சப் பைசாவுக்கு ஆரியபவனில் ரவா தோசை சாப்பிடலாம்.

இன்னும் ஒரு வேண்டுகோள் இருக்கு. மூத்த செட் அண்ணாச்சிகளே, அக்காமார்களே, உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் நீங்கள் படித்த கணக்கு, சயன்ஸ் புத்தகம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. திருவிதாங்கூர்க் காலத்துப் புத்தகம், பி.யு.சி. தமிழ்ப் புத்தகம், கையால் எழுதிய ரெக்கார்ட் நோட்டு, எதுவானாலும் சரி. கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கித் தரும்படி சங்கத்தின் மூலம் கேட்கலாம் என்று எங்கள் செட் நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். சக்கரமும் காசும் போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றாவது கிடைக்கணும் என்பது என் ஆசை. 1957-ல் அணாவை அடித்துவிட்டு மேலே மையால் நயா பைசா என்று எழுதிக்கொண்ட புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால், அதை முதல் தட்டில் வைக்கிறோம்.